பாடலுக்கு ஆடியவரும் பெயர் பெற்றவரும்: வஹீதா ரஹ்மானின் திரைவாழ்வில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் தென்னகத் தொடக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தித் திரையுலகின் முதன்மையான நடிகையருள் ஒருவராகிய வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர். தெலுங்கு, தமிழ்ப் படங்களின் வழியே திரைக்கு வந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் ஒரு நடனக் காட்சியில் தோன்றியவர். இயக்குநர் குருதத் அவரைக் ‘கண்டுபிடித்தார்’ என்று தொடங்கும் வழக்கமான வரலாறு, இந்தத் தென்னகப் பகுதியை ஒரு முன்கதையாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு பாடலுக்கு ஆடும் பெண்ணாக அவர் பெற்ற பயிற்சியும் அனுபவமும் பிற்காலத்தில் அவர் ஏற்ற ஆடல்மகளிர் பாத்திரங்களையும், தம் பெயரைக் காத்துக்கொண்ட உறுதியையும் விளங்கிக்கொள்ள உதவுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தென்னிந்தியத் திரையுலகோடு அவருக்கிருந்த தொடர்பு 1956க்குப் பிறகும் அறுபடவில்லை என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வஹீதா ரஹ்மான், மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம், திரை நடனம், ஆடல்மகளிர், பெயர் மாற்றம்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், கதைத் தலைவர்கள், தலைவியர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு படத்தில் ஒரேயொரு பாடலுக்கு ஆடிவிட்டுச் செல்லும் நடனக் கலைஞர்களுக்கு அவ்வரலாற்றில் இடம் குறைவு. அவர்களுள் ஒருவர் பின்னாளில் வேறொரு மொழியில் புகழ்பெற்றுவிட்டால், அவர் அம்மொழியின் சொத்தாகிவிடுகிறார். தாய்நிலத்தில் அவர் செய்த பணி ஒரு வியப்புச் செய்தியாக மட்டும் எஞ்சுகிறது. வஹீதா ரஹ்மான் தமிழ்ப் படங்களில் ஆடியவர் என்பது இன்று அவ்வாறே நினைவுகூரப்படுகிறது.

நாமகிரிப்பேட்டை, இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இப்பகுதியின் பண்பாட்டு வரலாற்றில் மாடர்ன் தியேட்டர்ஸுக்குத் தனியிடம் உண்டு. அந்நிறுவனத்தைப் பற்றிப் பேசுவோர் அங்கு உருவான வசனகர்த்தாக்களையும் முதலமைச்சர்களையும் குறிப்பிடத் தவறுவதில்லை. அங்கு ஆடிய பெண்களைப் பற்றிய பேச்சு அரிது. அவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். வஹீதா ரஹ்மானின் படங்களும், அவருடன் உரையாடி நஸ்ரீன் முன்னி கபீர் தொகுத்த நூல் முதலியவற்றில் அவரே கூறியுள்ள நினைவுகளும் இதற்கு அடிப்படையாக அமைகின்றன.

பிறப்பும் ஆடற்பயிற்சியும்

வஹீதா ரஹ்மான் 1938 பிப்ரவரி 3ஆம் நாள் செங்கல்பட்டில், உருது பேசும் முஸ்லிம் குடும்பமொன்றில் நான்கு பெண்மக்களுள் இளையவராகப் பிறந்தார். தந்தையார் அன்றைய சென்னை மாகாண அரசில் அலுவலர். பணி மாறுதல்களுக்கு ஏற்பக் குடும்பமும் ஊர் மாறியது. வஹீதாவின் இளமைப் பருவத்தில் ஒரு பகுதி விசாகப்பட்டினத்தில் கழிந்தது. மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய சிறுவயது விருப்பம். உடல்நலக் குறைவும் தந்தையாரின் மறைவும் அவ்விருப்பத்திற்குத் தடையாயின.

வஹீதாவும் அவர்தம் தமக்கையும் பரதநாட்டியம் பயின்றனர். அக்காலச் சூழலில் இஃது எளிய செயலன்று. கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த சதிராட்டம், 1930களில் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயருடன் சென்னை நகர மேடைக்கு வந்தது. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உயர்சாதி நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஆடத் தொடங்கிய அதே காலத்தில், அக்கலையை மரபுரிமையாகப் பேணிய பெண்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பது அன்று விடை காணப்படாத கேள்வி.

அக்கேள்வி வஹீதாவையும் விடவில்லை. முஸ்லிம் வீட்டுப் பெண்கள் ஆடுவதை உறவினர் சிலர் குறை கூறியபோது, தந்தையார் மகள்களின் பக்கம் நின்றார் என்று அவர் கூறியிருக்கிறார். மறுபுறம், சென்னையில் அவர் நாடிச் சென்ற நட்டுவனார் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, முஸ்லிம் பெண்ணுக்குக் கற்பிக்க முதலில் தயங்கினார். சாதகம் கேட்டார். அவ்வழக்கம் வஹீதாவின் வீட்டில் இல்லாததால், பிறந்த நாளையும் நேரத்தையும் கொண்டு தாமே கணித்துப் பார்த்த பின்னர் மாணவியாக ஏற்றுக்கொண்டார். இந்நிகழ்வை வஹீதா பல நேர்காணல்களில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்துள்ளார். எனினும், இதில் அடங்கியுள்ள வரலாற்றுச் செய்தி மகிழ்ச்சியானது மட்டுமன்று. ஆடுவதற்கு அவர் இரு வாயில்களில் இசைவு பெற வேண்டியிருந்தது. ஒன்று தம் சமூகத்தின் வாயில். மற்றொன்று கலையின் வாயில்.

பெயர் சொல்லும் மேளமும் பெயர் மறைந்த மேளமும்

இங்கு, பெயர் என்பது கலையுலகில் எவ்வாறு இயங்கியது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் தகும். தமிழகத்தில் நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழு ‘பெரிய மேளம்’ எனவும், ஆடல்மகளிரும் நட்டுவனாரும் அடங்கிய குழு ‘சின்ன மேளம்’ எனவும் வழங்கப்பட்டன. பெரிய மேளக் கலைஞர் தம் ஊர்ப் பெயரை முன்னொட்டாகச் சூடிக்கொண்டனர். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) நாகசுரத்தின் வழியே இச்சிற்றூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தார். திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்களுக்கும் ஊர்ப்பெயர் ஒரு பெருமிதச் சின்னமாக இருந்தது.

ஆடல்மகளிருக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே ஊர்ப்பெயர் இருந்தது. ஆனால் சீர்திருத்தக் காலத்தில் அவ்வூர்ப்பெயர் பிறப்பை அடையாளம் காட்டும் சுமையாக மாறியது. திரைப்படத்திற்குள் வந்த பெண்களுள் பலர் பழைய பெயரைத் துறந்தனர், அல்லது துறக்க வைக்கப்பட்டனர். ஆணுக்குப் புகழாக அமைந்த பெயர், ஆடும் பெண்ணுக்கு மறைக்க வேண்டிய ஒன்றாயிற்று. இப்பின்னணியில் நோக்கும்போதுதான் வஹீதா பின்னாளில் தம் பெயருக்காக நடத்திய வாதத்தின் எடை புலப்படும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் (1907–1963) இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். அவர் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்த அப்படப்பிடிப்புத் தளத்தின் முகப்பு வளைவு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. ‘சதி அகலிகை’ (1937) அந்நிறுவனத்தின் முதல் படம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ (1940), மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) ஆகியன அங்கு உருவான குறிப்பிடத்தக்க படங்கள். மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) என்பதும் இந்நிறுவனத்தின் தயாரிப்பே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடு இயங்கிய திரைப்பட நிறுவனமாகும்.

இந்நிறுவனத்தின் படப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி முதலிய மொழிகளுக்கிடையே கதைகளும் கலைஞர்களும் தொடர்ந்து போக்குவரவு செய்தமை தெரியவருகிறது. அன்றைய தென்னிந்தியத் திரைத்தொழிலின் பொதுத்தன்மையும் இதுவே. ஏவி.எம். நிறுவனம் ‘வாழ்க்கை’ (1949) படத்தில் அறிமுகப்படுத்திய வைஜெயந்திமாலாவை, அப்படத்தின் இந்தி வடிவமான ‘பஹார்’ (1951) வழியே வடநாட்டிற்குக் கொண்டு சென்றது. மொழி கடக்கும் திறன் நடிகையின் உரையாடலைக் காட்டிலும் ஆடலையே பெரிதும் சார்ந்திருந்தது. வசனத்தை வேறொருவர் குரலில் பேசவைக்க முடியும்; ஆடலுக்கு அவ்வாறு மாற்று ஏற்பாடு செய்வது அரிது. நாட்டியப் பயிற்சி பெற்ற தென்னகப் பெண்களுக்கு இந்தித் திரையுலகில் வாய்ப்பு மிகுந்ததற்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

பாடலுக்கு ஆடும் பெண்

தாபி சாணக்யா இயக்கிய ‘ரோஜுலு மாராயி’ (1955) என்னும் தெலுங்குப் படத்தில், உழவுப் பருவத்தைக் கொண்டாடும் ஒரு பாடலுக்கு வஹீதா ஆடினார். அப்பாடல் ஆந்திரம் முழுவதும் பரவியது. அதே ஆண்டில் என். டி. ராமராவின் சொந்தத் தயாரிப்பான ‘ஜெயசிம்ஹா’வில் ஒரு பாத்திரமாகவே நடித்தார். 1956 பொங்கல் நாளான சனவரி 14 அன்று ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியாயிற்று. ‘ரோஜுலு மாராயி’யின் தமிழ் வடிவமான ‘காலம் மாறிப்போச்சு’ (1956) படத்திலும் அவர் ஆடினார். இவ்வாறு ஈராண்டுகளுக்குள் வெளியான நான்கு தென்னகப் படங்களில் மூன்றில் அவர் நடனக் கலைஞராகத் தோன்றியுள்ளார்.

இவற்றுள் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தனிக் கவனத்திற்குரியது. டி. ஆர். சுந்தரமே இயக்கிய இப்படம், கேவாகலர் முறையில் உருவான தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகும். எம். ஜி. ராமச்சந்திரன் அலிபாபாவாகவும், பி. பானுமதி மார்ஜியானாவாகவும், பி. எஸ். வீரப்பா திருடர் தலைவனாகவும் நடித்தனர். இசை சுசர்ல தட்சிணாமூர்த்தி. வசனம் முரசொலி மாறன். வண்ணம் புதுமையாக இருந்த அந்நாளில், உடையும் ஒப்பனையும் அசைவும் ஒருங்கே வெளிப்படும் நடனக் காட்சிகளே அப்புதுமையைப் பார்வையாளர் கண்முன் நிறுத்த ஏற்றவையாக இருந்தன. வஹீதாவின் நடனம் இவ்வாறு ஒரு தொழில்நுட்பத் திருப்பத்தின் பகுதியாகவும் அமைகிறது.

இப்படத்தின் கதை அமைப்பிலும் ஒரு முரண் உண்டு. அரபுக் கதையில் மார்ஜியானா ஓர் அடிமைப் பெண். விருந்தினனாக மாறுவேடத்தில் வந்த கொள்ளையனின் சூழ்ச்சியை அவள் தன் ஆடலைக் கொண்டே முறியடிக்கிறாள். எனவே கதையின் உயிரான பெண்ணே ஓர் ஆடல்மகள்தான். அவளுக்குப் பெயர், அறிவு, காதல், வெற்றி அனைத்தும் உண்டு. அதே படத்தில் வஹீதா ஆடும் பெண்ணுக்கோ ஒரு பாடலின் நேரமே வாழ்வு. அப்பெண் எங்கிருந்து வந்தாள், பாடல் முடிந்தபின் எங்கே போனாள் என்பதைக் கதை கேட்பதில்லை. ஒரே படத்திற்குள் ஆடலின் இரு நிலைகள் அருகருகே நிற்கின்றன: கதையை நகர்த்தும் ஆடல் ஒன்று, கதையை நிறுத்திவைத்துக் காட்டப்படும் ஆடல் மற்றொன்று. பதினெட்டு வயது நிறையாத வஹீதா இரண்டாம் நிலையில் நின்றார். அவருடைய பிற்காலத் திரைவாழ்வை இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்குச் சென்ற பயணமாகக் காணமுடியும்.

‘கண்டுபிடிப்பு’ என்னும் கதை

‘ரோஜுலு மாராயி’ பாடலால் பரவிய புகழை ஹைதராபாத் வந்திருந்த குருதத் அறிந்து, அங்கு வஹீதாவைச் சந்தித்தார். அவருக்கு உருது தெரியும் என்பதை அறிந்தபின் பம்பாய்க்கு அழைத்தார். இந்தித் திரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இச்சந்திப்பையே தொடக்கமாகக் கொள்கின்றன.

இக்கதை நிலைபெற்றதற்குக் குருதத்தின் படைப்பே ஒரு காரணம். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய ‘காகஸ் கே பூல்’ (1959), ஓர் இயக்குநரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுகிறது. அதில் வஹீதா ஏற்ற சாந்தி என்னும் பாத்திரம், திரைத்துறையை அறியாத ஆதரவற்ற பெண். இயக்குநரின் மேலங்கியைத் திருப்பித்தர வந்தவள், தற்செயலாகப் படக்கருவியின் முன் நடந்துவிடுகிறாள். அக்காட்சியைத் திரையிட்டுப் பார்க்கும் இயக்குநர், தாம் தேடிய முகம் இதுவே என உணர்கிறார். பார்வையாளர் பலர் சாந்தியின் கதையை வஹீதாவின் கதையாகவே படித்தனர்.

உண்மையில் சாந்திக்கும் வஹீதாவுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பம்பாய்க்குச் செல்லுமுன்னரே வஹீதா ஒழுங்கான நாட்டியப் பயிற்சி பெற்றிருந்தார். இரு மொழிப் படப்பிடிப்புத் தளங்களில் பணிசெய்திருந்தார். ஒளியின் முன் நிற்பது, பின்னணிப் பாடலுக்கு ஏற்ப உதடசைப்பது, படக்கருவியின் சட்டத்திற்குள் அசைவை அடக்குவது ஆகிய தொழில்நுணுக்கங்களைச் சென்னையிலும் சேலத்திலும் இயங்கிய தொழிலே அவருக்குக் கற்பித்தது. தற்செயலாகக் கிடைத்த முகம் என்று அவரைக் கூறுவது, அந்தத் தளங்களின் உழைப்பையும் அவருடைய உழைப்பையும் ஒருசேர மறைப்பதாகும். குருதத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. முகபாவத்தையும் அமைதியையும் நடிப்பின் கருவிகளாக்க அவர் வஹீதாவுக்கு வழிகாட்டினார். ஆயினும் அவர் வளர்த்தெடுத்தது முன்னரே முளைத்திருந்த பயிரையே.

பெயரும் ஒப்பந்தமும்

குருதத் தயாரிப்பில் ராஜ் கோஸ்லா இயக்கிய ‘சி.ஐ.டி.’ (1956) வஹீதாவின் முதல் இந்திப் படம். ஒப்பந்தத்தின்போது, வஹீதா ரஹ்மான் என்னும் பெயர் நீளமானது, திரைக்குரிய கவர்ச்சி அற்றது என்று கூறி, அதை மாற்றுமாறு கேட்டனர். அன்றைய வழக்கப்படி அக்கோரிக்கை இயல்பானதே. மும்தாஜ் ஜஹான் மதுபாலாவாகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும், யூசுப் கான் திலீப் குமாராகவும் மாறிய காலம் அது. வஹீதா மறுத்தார். பெற்றோர் இட்ட பெயரிலேயே நடிப்பேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அத்துடன், தமக்கு ஒவ்வாத உடையை அணிய வற்புறுத்தக்கூடாது என்னும் விதியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கோரினார். இரண்டும் ஏற்கப்பட்டன. வயது நிறையாதவர் என்பதால் தாயார் உடனிருந்து ஒப்பமிட வேண்டியிருந்த ஒரு பெண்ணின் நிபந்தனைகள் இவை.

இவ்வுறுதியை அவருடைய தனிப்பண்பாகவே பலரும் விளக்குவர். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. அவர் கையிலிருந்த கலை, வாய்ப்பு கொடுப்பவரின் கருணையால் கிடைத்ததன்று. ஆந்திரம் முழுவதும் அறியப்பட்ட ஒரு பாடலின் ஆடல் அவருடைய பெயரிலேயே வழங்கியது. தெற்கில் வேலை கிடைக்காது என்னும் அச்சமும் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. ஒப்பந்தப் பேச்சில் மறுக்கும் வலிமை, மாற்று வாய்ப்பு உள்ளவருக்கே எளிதில் வாய்க்கும். மேலும், இசைவுக்காக இரு வாயில்களில் நின்ற குழந்தைப்பருவ அனுபவம் அவருக்கு முன்னரே இருந்தது. முஸ்லிம் பெண் என்னும் அடையாளத்தை மறைக்காமலேயே பரதநாட்டியம் பயின்றவர், அதே அடையாளத்தைத் திரைப்பட விளம்பரத்திற்காக மறைக்க மறுத்தது இயல்பான தொடர்ச்சியாகும்.

பெயர் பெற்ற ஆடல்மகளிர்

‘சி.ஐ.டி.’ படத்தில் வஹீதா ஏற்ற காமினி, எதிர்நாயகனின் கூட்டத்தைச் சேர்ந்தவள். கதைத்தலைவன் தப்பிச் செல்வதற்காக, அவள் ஒரு பாடலால் எதிரியின் கவனத்தைத் திசைதிருப்புகிறாள். மார்ஜியானாவின் உத்தி இங்கு வஹீதாவின் கைக்கு வந்துவிட்டது. ஆடலும் பாடலும் கதையை நகர்த்தும் கருவியாகின்றன.

‘பியாசா’ (1957) படத்தின் குலாபோ, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண். பழைய தாள் என விலைக்கு வந்த கையெழுத்துப் படிகளில், புறக்கணிக்கப்பட்ட கவிஞன் ஒருவனின் பாடல்களை அவள் கண்டெடுக்கிறாள். பதிப்பாளரும் உடன்பிறந்தாரும் உணராத கவிதையின் மதிப்பை உணர்பவள் அவளே. ‘முஜே ஜீனே தோ’ (1963) படத்தின் சமேலிஜான், கொள்ளையனால் கடத்தப்பட்டுப் பின்னர் அவனை மணக்கும் ஆடல்மகள். சத்யஜித் ராய் இயக்கிய வங்காளப் படமான ‘அபிஜான்’ (1962), சமூகத்தால் ஒதுக்கப்பட்ட குலாபி என்னும் பெண்ணாக அவரைக் காட்டியது. ஃபணீஷ்வர்நாத் ரேணுவின் கதையைத் தழுவிய ‘தீஸ்ரீ கசம்’ (1966), நௌடங்கி ஆடும் ஹீராபாயின் கதை. வண்டியோட்டி ஹிராமன் அவளைத் தூய தேவதையாகக் கருதுகிறான். ஊர் அவளை விலைக்குரியவளாகக் கருதுகிறது. இரு பார்வைக்கும் நடுவே தன்னைத் தானாகக் காண்பவர் எவரும் இல்லை என்பதை உணர்ந்து அவள் தன் குழுவோடு திரும்பிச் செல்கிறாள். பாசு பட்டாச்சார்யா இயக்கிய இப்படம் சிறந்த கதைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

இவ்வரிசையின் உச்சம் ‘கைடு’ (1965). சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் எழுதிய நாவல் 1958இல் வெளியாகி, 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலின் ரோசி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆடல்மகளிர் குலத்தில் பிறந்தவள். பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். கணவன் மார்கோவுக்குக் குகைச் சிற்பங்களில் உள்ள ஆடலின் மீது ஈடுபாடு உண்டு. உடன்வாழும் பெண்ணின் ஆடலின் மீது இல்லை. ரோசி மேடையேறும்போது அப்பெயர் தகாது என்று முடிவாகிறது. ராஜு அவளுக்கு நளினி என்று பெயரிடுகிறான். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தென்னிந்திய ஆடல்மகள் ஒருத்தி சந்திக்க நேர்ந்தவை அனைத்தும் இச்சிறு நிகழ்வில் அடங்கியுள்ளன: கலையைக் கைவிட முடியாது, ஆனால் பிறப்பைக் காட்டும் பெயரோடு மேடையேறவும் முடியாது.

விஜய் ஆனந்த் இயக்கிய இந்தித் திரைப்படம் மால்குடியை விட்டு இராசத்தானின் உதய்ப்பூருக்குக் கதையைக் கொண்டு சென்றது. தம் கதைக்களம் இடம்பெயர்ந்ததை நாராயண் ஏற்கவில்லை. அதைப் பற்றி எள்ளலோடு ஒரு கட்டுரையும் எழுதினார். அவருடைய குறை நியாயமானதே. எனினும், தெற்கு முற்றிலும் விலகிவிட்டது என்று கூறமுடியாது. கதையின் ஊர் மாறியபோதும், ரோசியின் உடலில் இயங்கிய ஆடல் தெற்கில் கற்றதே. பாம்பாட்டியர் குடியிருப்பில் தன்னை மறந்து ஆடும் காட்சியில், பல ஆண்டுகள் அடக்கப்பட்ட கலை மீண்டும் உயிர்பெறுவதை வஹீதாவால் வசனமின்றியே காட்டமுடிந்தது. கணவனைப் பிரிந்து கலையைத் தேர்ந்தெடுக்கும் இப்பாத்திரம் புகழைக் கெடுக்கும் என்று பலர் எச்சரித்தபோதும் அவர் ஏற்றார். சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும் பெற்றார். தம் பெயரை மாற்ற மறுத்த நடிகை, பெயர் மாற்றப்பட்ட ஓர் ஆடல்மகளின் வழியே தம் வாழ்நாளின் பெரும்புகழை அடைந்தார் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

அறுபடாத தென்னகத் தொடர்பு

பம்பாய்க்குச் சென்றபின் வஹீதாவுக்கும் தென்னகத்திற்கும் இடையிலான உறவு முடிந்துவிட்டதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. படங்களின் தயாரிப்பு விவரங்கள் வேறு செய்தியைத் தருகின்றன. இரு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, ‘ராம் அவுர் ஷ்யாம்’ (1967). இரட்டை வேடத்தில் திலீப் குமார் நடித்த இப்படம், சென்னையைச் சேர்ந்த பி. நாகி ரெட்டியின் தயாரிப்பு. இதன் மூலம் ‘ராமுடு பீமுடு’ (1964) என்னும் தெலுங்குப் படம்; தமிழில் இதுவே ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965). இந்திப் படத்தை இயக்கியவர் தாபி சாணக்யா. 1955இல் ஒரு பாடலுக்கு ஆட வைத்த அதே இயக்குநர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வஹீதாவைக் கதைத்தலைவியாக இயக்கினார்.

இரண்டாவது, ‘ஆத்மி’ (1968). தமிழின் ‘ஆலயமணி’ (1962) படத்தின் இந்தி வடிவமாகிய இதனை ஏ. பீம்சிங் இயக்கினார். தயாரித்தவர் பி. எஸ். வீரப்பா. சேலத்தில் உருவான அலிபாபா படத்தின் திருடர் தலைவரே, வஹீதா தலைவியாக நடித்த படத்தின் முதலாளியாக விளங்கினார்.

1950களின் படப்பிடிப்புத் தளங்களில் உருவான தொழில்வலை, மொழியெல்லைகளைக் கடந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக இயங்கியதை இவ்விரு சான்றுகளும் உறுதிசெய்கின்றன. இடையில் மாறியது வஹீதாவின் இடம். நடனப் பட்டியலிலிருந்த பெயர் முதன்மைப் பட்டியலுக்கு உயர்ந்தது.

பின்னாளைய வாழ்வு

‘நீல் கமல்’ (1968) அவருக்கு மீண்டும் ஃபிலிம்ஃபேர் விருதையும், சுனில் தத் இயக்கிய ‘ரேஷ்மா அவுர் ஷேரா’ (1971) சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் பெற்றுத் தந்தன. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1974இல் நடிகர் சசி ரேக்கியை மணந்தபின் பெங்களூரில் குடியேறினார். ‘கபீ கபீ’ (1976), ‘திரிசூல்’ (1978), ‘லம்ஹே’ (1991) முதலிய படங்களில் தாயாகவும் முதுபெண்ணாகவும் நடித்தார். கணவரின் மறைவுக்குப் பின், ‘ரங் தே பசந்தி’ (2006), ‘டெல்லி-6’ (2009) ஆகியவற்றில் புதிய தலைமுறைப் பார்வையாளரைச் சென்றடைந்தார். 2011இல் பத்மபூஷண் விருதும், 2021ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கு வழங்கப்பட்டன.

தமிழிலும் இந்தியிலும் உருவான கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம் 2’ (2018) படத்தில் கதைத்தலைவனின் தாயாக அவர் நடித்தார். அலிபாபா படத்திற்கு 62 ஆண்டுகளுக்குப் பின் தமிழ்த் திரையில் மீண்டும் தோன்றியபோது, அவருக்கு ஒரு பாத்திரம் இருந்தது. ஒரு கடந்தகாலம் இருந்தது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. வஹீதா ரஹ்மானின் திரைவாழ்வு குருதத்தின் அழைப்புக்கு முன்னரே, தெலுங்கு, தமிழ்ப் படங்களின் தளங்களில் தொடங்கிவிட்டது. அங்கு அவர் பெற்ற நாட்டியமும் தொழிலறிவும் பம்பாயில் தம் பெயருக்கும் உடைக்கும் நிபந்தனை விதிக்கும் வலிமையை அவருக்கு அளித்தன. ஒரு பாடலுக்கு ஆடும் பெண்ணாக அறிமுகமான அவர், குலாபோ, சமேலிஜான், ரோசி, ஹீராபாய் ஆகிய பாத்திரங்களின் வழியே அத்தகைய பெண்களுக்குப் பெயரும் மனமும் வாழ்வும் அளித்தார். அவரை உருவாக்கிய தென்னகத் தொழில்வலை 1967, 1968ஆம் ஆண்டுகளிலும் அவரோடு இயங்கியது.

வஹீதாவின் சேலத்து நடனம் இன்று நினைவுகூரப்படுவதற்கு அவர் பின்னர் அடைந்த புகழே காரணம். அதே தளத்தில் ஆடி, பின்னர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போன பெண்கள் பலர். மாடர்ன் தியேட்டர்ஸின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஆடியோர், ஆடல் அமைத்தோர் ஆகியோரின் பெயர்களைப் படங்களின் பெயர்ப்பட்டியல், பாட்டுப் புத்தகம், விளம்பரம் ஆகியவற்றிலிருந்து தொகுக்கும் பணி சேலம், நாமக்கல் வட்டார ஆய்வாளர்களை எதிர்நோக்கியுள்ளது. முகப்பு வளைவு மட்டுமே எஞ்சியுள்ள ஒரு நிறுவனத்தின் வரலாற்றில், அங்கு உழைத்த பெண்களின் பெயர்களும் எஞ்ச வேண்டும்.